மழைக்கு எந்த பெர்ஃபார்மன்ஸ் டயர்? பாதி தேய்ந்த பிறகு அது எப்படி இருக்கும் என்று பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: பின்சக்கர டிரைவ் கார், முன்னால் 225, பின்னால் 255 மி.மீ. அகலம், 18 அங்குல வீல், நான்கிலும் செமி ஸ்லிக், அதாவது தண்ணீர் ஓடும் பள்ளங்கள் குறைவாக உள்ள, டிராக்குக்கு நெருக்கமான டயர். வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக வாங்கிய டயர், மற்ற நாட்களில் வேலைக்குப் போய் வருவதும் அதிலேயேதான். போன வாரம் மழையில் பிரேக்கை மிதித்தபோது ஏபிஎஸ் காலடியில் படபடவென்று அடித்ததே தவிர, கார் நினைத்த இடத்தில் நிற்காமல் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. மழையில் நம்பி ஓட்டக்கூடிய, அதே சமயம் ஓட்டுகிற சுகமும் கெடாத டயர் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிராண்ட் பெயர்களுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். டயர் வாங்கும்போது நாம் எல்லோரும் புது டயரைத்தான் புது டயரோடு ஒப்பிடுகிறோம். லேபிளில் இருப்பதும் புது டயரின் கணக்கு, பெரும்பாலான டெஸ்ட் வீடியோக்களில் ஓடுவதும் புது டயர். ஆனால் உங்களை உண்மையிலேயே சோதிக்கப் போகிற மழை, டயர் மாட்டிய முதல் வாரமே வந்துவிடாது. ஒன்றரை வருடம் கழித்து, பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், பாதி தேய்ந்து, ரப்பரும் கொஞ்சம் இறுகிப்போன பிறகு ஒரு ராத்திரி வரும். அந்த ராத்திரி இந்த டயர் என்ன செய்யும் என்பதை வைத்துத்தான் இன்றைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, மழை என்று பொதுவாகச் சொல்கிறோமே, டயரைப் பொறுத்தவரை அது மூன்று விதம். தார் நனைந்து கறுத்திருக்கும், தண்ணீர் நிற்காது, இது ஒன்று. மழை விடாமல் பெய்து சாலை முழுக்க ஒரு மில்லிமீட்டர் போலத் தண்ணீர் படர்ந்திருப்பது இரண்டாவது. சக்கரத் தடங்களிலும் ஓரங்களிலும் தண்ணீர் தேங்கி நிற்பது மூன்றாவது. முதலாவதில் ரப்பர் கலவைதான் எல்லாம். மூன்றாவதில் கலவைக்குப் பெரிய வேலையில்லை, காடியின் (பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தின்) ஆழமும் காற்றழுத்தமும் டயரின் அகலமும்தான் பேசும். நடுவில் உள்ளதில் இரண்டும் கலந்து வரும். ஒரே டயர் முதலாவதில் அபாரமாகவும் மூன்றாவதில் மோசமாகவும் இருக்க முடியும். அதனால்தான் ஒரே டயரைப் பற்றி இரண்டு பேர் நேர் எதிராகச் சொல்கிறார்கள், இரண்டு பேருமே சொல்வது உண்மையாகவும் இருக்கிறது.

முதலில் கலவை. தார்ச் சாலையின் மேற்பரப்பை விரலால் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். ரப்பர் அந்த மேடுபள்ளத்துக்குள் அமுங்கி, உடனே பழைய வடிவத்துக்குத் துள்ளி வராமல், கொஞ்சம் சோம்பலாக மீண்டு வரவேண்டும். அந்தச் சோம்பலில்தான் பிடிப்பு பிறக்கிறது. ஆனால் அதே சோம்பல் சக்கரம் சும்மா உருளும்போதும் சக்தியைத் தின்னும், எரிபொருள் செலவு கூடும். கார்பன் பிளாக் என்ற கரித்தூளை மட்டும் போட்டுக் கலந்த காலத்தில் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின் சிலிகா கலந்த கார் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது மாறியது. சிலிகாவை ரப்பரோடு ஒட்டவைக்க சிலேன் என்ற இணைப்புப் பொருள் வேண்டும், அது சரியாக அமைந்தால் உருளும்போது சோம்பல் குறைவாகவும், ஈரச் சாலையில் வழுக்கப் பார்க்கும்போது அதிகமாகவும் கிடைக்கும். ஆய்வுக்கூடத்தில் ரப்பர் துண்டின் இந்தக் குணத்தை 0 டிகிரியில் அளந்து ஈரப் பிடிப்பையும், 60 டிகிரியில் அளந்து உருளும் தடையையும் கணிக்கிறார்கள். இன்றைக்கு நல்ல பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் மழையில் நன்றாகப் பிடிப்பதற்குப் பெரிய காரணம் இந்தக் கலவைதான், பட்டன் டிசைனுக்கு இந்த இடத்தில் இரண்டாம் பங்குதான்.

உங்கள் செமி ஸ்லிக்கின் முதல் பிரச்சினையும் இங்கேதான். அந்தக் கலவை நன்றாகச் சூடான பிறகு வேலை செய்ய வடிவமைத்தது. டிராக்கில் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு இறங்கித் தொட்டால் கை சுடுமே, அந்த நிலையில்தான் அது அதுவாக இருக்கும். மழையில் தண்ணீர் ஒவ்வொரு சுற்றிலும் அதைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும், நீங்களும் மெதுவாக ஓட்டுவீர்கள், அது சூடாகவே ஆகாது. ஏபிஎஸ் அடித்தும் கார் நிற்காமல் போனதற்கு முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும். இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. கார் வழுக்கிச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்சியும் அப்படித்தான். ஆல் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன், கிளம்புவதற்கு அது உதவும், நிற்பதற்கு எல்லாக் காரிலும் நான்கு டயர்தான்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இரண்டு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் போடுகின்றன. ஒன்றின் டயர் ஈரத்தில் 0.8 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) அளவுக்குப் பிடிக்கிறது, அடுத்தது 0.6 ஜி. முதல் கார் சுமார் 31 மீட்டரில் நிற்கும், இரண்டாவது 42 மீட்டரில். பத்துப் பதினோரு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 40 கி.மீ. இருக்கும். பாதி வேகம்! முன்னால் ஒரு லாரியோ ஒரு ஆளோ நின்றால் அந்த 40-தான் கணக்கு.

இனி தேங்கிய தண்ணீர். இங்கே நடப்பது அக்வாபிளேனிங், அதாவது டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொட நேரமில்லாமல் அதன் மேலேயே மிதந்து போவது. 225 அகல டயர் 3 மி.மீ. தண்ணீரில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 15 லிட்டர் தண்ணீரை வழியிலிருந்து அகற்ற வேண்டும். ஒரு பெரிய வாளித் தண்ணீர், ஒவ்வொரு நொடியும், ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும். டயர் தரையைத் தொடும் பகுதி உள்ளங்கை அளவுதான், நீளம் ஒரு சாண் கூட இல்லை, ஒரு பட்டன் அந்தப் பகுதியைக் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு. அதற்குள் தண்ணீர் காடி வழியாகவோ பக்கவாட்டிலோ ஓடிப்போயாக வேண்டும். ஃபார்முலா 1-இல் பெருமழைக்கென்றே பிரெல்லி தரும் நீலக் கோடு போட்ட டயர், மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் வரை வெளியேற்றும் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு, அதே வேகத்தில் இன்டர்மீடியட் டயருக்கு 30 லிட்டர். காடியே இல்லாத ஸ்லிக்கை அதனால்தான் மழை வந்ததும் கழற்றி வீசுகிறார்கள். உங்கள் செமி ஸ்லிக் இந்த வரிசையில் ஸ்லிக்குக்குப் பக்கத்து வீடு.

காடியின் ஆழத்தை இப்போது பாருங்கள். சாதாரண பெர்ஃபார்மன்ஸ் டயர் புதிதாக இருக்கும்போது 7 முதல் 8 மி.மீ. ஆழம் இருக்கும். செமி ஸ்லிக்குகளில் பல 5 மி.மீ. பக்கத்திலேயே தொடங்குகின்றன, அதிலும் வெளி விளிம்பில் காடி பேருக்குத்தான். ஆக, கடையிலிருந்து வரும்போதே அது மழைக்குப் பாதி தேய்ந்த டயர். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ.; காடிக்குள் குறுக்கே இருக்கும் அந்தச் சின்ன மேடு, டயரின் தோளில் டி.டபிள்யூ.ஐ. என்று குறி போட்டிருக்குமே, அது அந்த அளவில்தான் இருக்கும். பட்டன் அந்த மேட்டோடு சமமாகும் வரை ஓட்டலாம் என்று சட்டம் சொல்வதை, அதுவரை மழையில் பாதுகாப்பு என்று படித்துக்கொள்ளக் கூடாது. 8 மி.மீ. டயர் 4-க்கு வந்தாலே தண்ணீரை வாங்கிக்கொள்ளும் இடம் பாதியாகிவிடுகிறது, 3-க்குக் கீழே போனால் தேங்கிய தண்ணீரில் அதன் குணமே வேறு. என் பழக்கம், மழைக்காலம் தொடங்கும்போது பின் டயர் 4 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவது. வீண் செலவு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு இது ஏன் பழக்கமானது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையதும் அப்போது பின்சக்கர டிரைவ் கார்தான், பின்னால் அகலம் கூடுதல், கொஞ்சம் தாழ்த்திய சஸ்பென்ஷன். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு கடையில் வீல் அலைன்மென்ட் பார்த்தேன், டயரெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள், நானும் நின்றபடியே குனிந்து பார்த்துவிட்டு ஆமாம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மழை ராத்திரி, நெடுஞ்சாலையில் மணிக்கு 90 போல, நீளமான மெல்லிய வலது வளைவு. விளக்கு வெளிச்சத்தில் சாலை ஒரே சீராகப் பளபளத்தது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. முதலில் மாறியது சத்தம். டயருக்கு அடியில் இருந்த அந்த 'ஷ்ஷ்' சத்தம் ஒரு கணம் அடங்கி, அடித்தட்டில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்து ஆர்பிஎம் முள், நான் ஆக்சிலேட்டரைக் கூடுதலாக மிதிக்காமலேயே மேலே எகிறியது. வேகம் கூடவில்லை, பின்சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றுகிறது. பயத்தில் காலைச் சட்டென்று எடுத்துவிட்டேன், அதுதான் தப்பு. பின்பக்கம் இடதுபுறமாக வெளியே போக, டயர் தண்ணீரைத் தாண்டித் தரையைத் தொட்ட கணத்தில் கார் அரைச் சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி தடுப்புச் சுவருக்கு இரண்டடி தள்ளி நின்றது. பின்னால் வண்டி எதுவும் வராதது அன்றைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

மறுநாள் பின் சக்கரத்தைக் கழற்றி ஆழம் பார்க்கும் அளவுகோலை வைத்தேன். வெளிக் காடி 5 மி.மீ., நடுக் காடிகள் 4, உள் காடி 1.5! தாழ்த்திய காரில் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருக்கும், நெகட்டிவ் கேம்பர், வளைவில் நன்றாகப் பிடிக்க அது வேண்டும்தான். ஆனால் நேராக ஓடும் கிலோமீட்டர்களில் பாரமெல்லாம் உள் விளிம்பில் இறங்கி அங்கேதான் தேயும், நின்று பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில். உங்கள் கார் டிராக்குக்காக செட்டப் செய்ததென்றால் உங்களுக்கும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும். முன் டயரின் உள்பக்கத்தை ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுப் பார்க்கலாம். பின் டயருக்குத் தரையில் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு காடியிலும் அளவுகோலை வைக்க வேண்டும், அதுவும் சக்கரத்தைச் சுற்றி மூன்று இடத்தில். ஐந்து நிமிட வேலை.

அகலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 225-லிருந்து 255-க்குப் போனால் அகற்ற வேண்டிய தண்ணீர் 13 சதவீதம் கூடுகிறது. அதோடு, பாரமும் காற்றழுத்தமும் மாறாதபோது தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறாது, அகலம் கூடினால் நீளம் குறையும், அகன்று குட்டையான பகுதி தண்ணீரைக் கிழிப்பதற்கு மோசமான வடிவம். படகின் மூக்கு ஏன் கூராக இருக்கிறது, தட்டையாக ஏன் இல்லை என்று யோசித்தால் போதும். காய்ந்த சாலையில் வளைவுக்கு அகலம் நல்லது, தேங்கிய தண்ணீரில் அதுவே எதிரி. பின்னால் 255, அங்கே பாரமும் முன்பக்கத்தைவிடக் குறைவாக இருக்கலாம், எஞ்சின் சக்தி இறங்கித் தேய்வதும் அங்கேதான் வேகமாக. முன் டயர் தண்ணீரைக் கிழித்துப் பாதை போட்டுத் தரும், அந்தத் தடத்தில்தான் பின் டயர் வருகிறது என்பது உண்மை. ஆனால் வளைவில் இரண்டு தடமும் ஒன்றாக விழாது, 255-இன் ஓரங்கள் புதுத் தண்ணீரில்தான் ஏறும்.

காற்றழுத்தம். மழையில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அதிகமாகத் தரையில் படியும், பிடிப்பு கூடும் என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். 1960-களில் அமெரிக்காவின் நாசா விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்தது. அங்கே கிடைத்த சூத்திரப்படி, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். 32 பி.எஸ்.ஐ.க்கு அந்தக் கணக்கு மணிக்கு 94 கி.மீ. போலத் தரும், 25 பி.எஸ்.ஐ.க்கு 83 தான். கார் டயரின் வடிவம் வேறு, காடி நன்றாக இருந்தால் இந்த வேகம் ஏறும், அகன்று மொட்டையாக இருந்தால் இறங்கும், அதனால் இந்த எண்ணைப் பார்த்து வேகத்தை முடிவு செய்ய வேண்டாம். ஆனால் திசை தெளிவு: காற்று குறைந்தால் சீக்கிரம் மிதக்கும். காற்றுக் குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்குவதும் காடிகள் நெருங்கி மூடிக்கொள்வதும் கூடவே நடக்கும். கார் தயாரிப்பாளர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு, குளிர்ந்த டயரில், மாதத்துக்கு இரண்டு முறை. டிராக் நாளுக்காகக் குறைத்த காற்றை வீடு திரும்பும் முன் நிரப்ப மறப்பவர்கள் அதிகம், நீங்கள் மறக்காதீர்கள்.

பட்டன் டிசைனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீளவாக்கில் சுற்றி ஓடும் அகலமான காடிகள் மூன்றா நான்கா என்று பாருங்கள், நேராகப் போகும்போது தண்ணீரை வாங்குவது அவைதான். 'வி' வடிவ டயர்கள் தண்ணீரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளும், அம்புக்குறி சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். இன்றைய பெர்ஃபார்மன்ஸ் டயர்களில் பெரும்பாலானவை உள்பக்கம் ஒரு மாதிரி, வெளிப்பக்கம் ஒரு மாதிரி: வெளியே பெரிய கெட்டியான கட்டைகள் வளைவுக்கு, உள்ளே காடிகள் தண்ணீருக்கு. 'அவுட்சைடு' என்ற எழுத்து வெளியே தெரிகிறதா என்று மாட்டிய உடனே பார்த்துவிடுங்கள், மாற்றி மாட்டிய கார்களை நானே பார்த்திருக்கிறேன். ஒன்று கவனித்தீர்களா, தண்ணீருக்கான காடிகள் இருக்கும் அந்த உள்பக்கம்தான் நெகட்டிவ் கேம்பரில் முதலில் தேய்கிறது.

லேபிள்களை எப்படிப் படிப்பது? ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை ஐந்து தரம், 2021 மே மாதம் முதல் இந்த வடிவம். புது டயரை மாட்டி, ஒரு மில்லிமீட்டர் போலத் தண்ணீர் இருக்கும் நேர்ப்பாதையில், 80-லிருந்து 20 கி.மீ. வேகத்துக்குக் குறைக்க எவ்வளவு தூரம் ஆகிறது என்று பார்த்துத் தருவது. நான் மேலே சொன்ன மூன்று மழையில் இது நடு மழை மட்டும். அக்வாபிளேனிங் இதில் இல்லை, வளைவு இல்லை, தேய்ந்த பிறகு எப்படி என்பதும் இல்லை. ஏ தரம் இல்லாத பெர்ஃபார்மன்ஸ் டயரை மழைக்கு நான் யோசிக்கவே மாட்டேன், ஆனால் ஏ இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்க முறையில் டயர் பக்கவாட்டில் எவ்வளவு நாள் தேயாமல் உழைக்கும் என்பதைக் குறிக்கும் ட்ரெட்வேர் எண்ணோடு, பிடிப்புக்கு டிராக்ஷன் ஏஏ, ஏ, பி, சி என்று இருக்கும். அது சக்கரத்தைப் பூட்டி ஈரப்பாதையில் இழுத்துக்கொண்டு போய் அளப்பது, அதிலும் தேங்கிய தண்ணீருக்கு இடமில்லை. ட்ரெட்வேர் 200 போட்ட டயர்கள் பெரும்பாலும் டிராக்குக்கு நெருக்கமானவை, 300-க்கு மேலே வந்தால் தினசரி ஓட்டத்துக்கானவை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம், ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

இவற்றைவிட எனக்கு நம்பிக்கை, ஜெர்மனியின் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம், ஆட்டோ பில்ட் பத்திரிகை மாதிரி இடங்களில் வரும் ஒப்பீட்டு டெஸ்டுகள் மேல். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஈர பிரேக்கிங், ஈர ஹேண்ட்லிங், நேர்ப்பாதை அக்வாபிளேனிங், வளைவு அக்வாபிளேனிங் என்று தனித்தனிக் கட்டங்களைப் படியுங்கள். மொத்தத்தில் முதலிடம் வந்த டயர் அக்வாபிளேனிங்கில் ஆறாவதாக இருக்கலாம். டெஸ்ட் செய்த அளவு உங்கள் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதையும், டயரில் நட்சத்திரம், எம்ஓ, என்0 போன்ற கார் கம்பெனிக் குறிகள் உண்டா என்பதையும் பாருங்கள். அவை அந்தந்தக் காருக்காகவே தனியாக மாற்றி அமைத்தவை, பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கலவை வேறாக இருக்கலாம்.

இனி பெயர்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட் கான்டாக்ட் 7, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட். நான்கும் சாலைக்கான உயர்தர பெர்ஃபார்மன்ஸ் டயர்கள், இவற்றில் எதை மாட்டினாலும் உங்கள் செமி ஸ்லிக்கோடு ஒப்பிட்டால் மழையில் வேறு காரை ஓட்டுவது போல இருக்கும். ஈர பிரேக்கிங்குக்கு என் ஓட்டு கான்டினென்டலுக்கு. தேய்ந்த பிறகும் குணம் மாறாமல் இருப்பதற்கு மிஷெலின். மழை அதிகம், டிராக் ஆசை கொஞ்சம் குறைவு என்றால் குட்இயர். பொட்டென்சா காய்ந்த சாலையில் ஸ்டியரிங் பேசும் விதம் பிரமாதம், உங்கள் ரசனைக்கு அதுதான் முதலில் பிடிக்கும், ஆனால் தேயும் வேகத்தை யோசித்துத்தான் நான் அதை இந்தக் கேள்விக்குக் கடைசியில் வைக்கிறேன். யூனிராயல் ரெயின்ஸ்போர்ட் 5 என்று மழையை மனதில் வைத்தே செய்த டயரும் உண்டு, தேங்கிய தண்ணீரில் கெட்டிக்காரன், ஆனால் காய்ந்த சாலையில் வேகமாகத் திரும்பும்போது அந்தப் பட்டன்கள் கொஞ்சம் நெளிவது கைக்குத் தெரியும். 7 டிகிரிக்குக் கீழே போகும் குளிர் உங்களுக்கு உண்டென்றால் இந்தப் பட்டியலே செல்லாது. அந்தக் குளிரில் கோடை ரப்பர் இறுகிவிடும், பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன் வகையையோ குளிர்கால டயரையோ பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் நான்கும் ஒன்றாக. முன்னால் மழைக்கு நல்ல டயர், பின்னால் பழைய செமி ஸ்லிக் என்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டாதீர்கள், முன்பக்கம் ஒழுங்காகத் திரும்பும், பின்பக்கம் வராது, நான் சுற்றிய மாதிரியேதான் சுற்றுவீர்கள். பின்னால் எப்போதும் ஆழம் கூடுதலான ஜோடி இருக்க வேண்டும். முன்சக்கர டிரைவ் காருக்கும் இதே விதிதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை, பிடிப்பு போவது முன்னால் என்றால் கார் நேராகப் போகப் பார்க்கும், காலை மெல்லத் தளர்த்தினால் திரும்பிவிட வாய்ப்புண்டு. பின்னால் போனால் உங்களுக்கு யோசிக்கவே நேரமிருக்காது. உங்கள் காரில் முன் பின் அளவு வேறு என்பதால் டயரை இடம் மாற்றிப் போடவும் முடியாது, பின் ஜோடி முதலில் தேயும், அதை மட்டும் முன்கூட்டியே மாற்றுவீர்கள், அதே மாடல் அதே குறியோடு வாங்குங்கள். டயர் தாங்கும் பாரத்தைச் சொல்லும் லோட் இன்டெக்ஸும், அது தாங்கும் வேகத்தைச் சொல்லும் வேகக் குறியும் காருக்குச் சொன்னதைவிடக் கீழே போகக் கூடாது.

வாங்கும்போது பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளின் முடிவில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள், 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். தள்ளுபடியில் வரும் பழைய சரக்கில் காடி முழுசாக இருக்கும், ரப்பர் இருக்காது. டிராக்கில் பலமுறை சூடாகி ஆறிய டயரும் அப்படித்தான், பட்டன் மிச்சம் இருக்கிறதே என்று மழைக்காலத்துக்கு ஓட்டித் தீர்க்க நினைக்காதீர்கள், ஈரத்துக்குத் தேவையான மென்மை அதில் எப்போதோ போயிருக்கும். புது டயரில் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானம், அச்சிலிருந்து எடுக்கப் பூசும் வழுக்குப் பொருள் மேலே ஒட்டியிருக்கும், அது தேய்ந்து போகும் வரை மழையில் நம்ப வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், இப்போது காரில் இருக்கிற செமி ஸ்லிக்கை அதே வீலோடு கழற்றி டிராக் நாளுக்கென்று எடுத்து வைத்துவிடுவேன். இன்னொரு செட் வீல் வாங்கி, பிரேக் காலிப்பர் இடிக்கவில்லை என்றால் 17 அங்குலமும் பார்ப்பேன், பின்னால் 255-க்குப் பதில் கார் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுகளில் ஒரு படி குறைந்த அகலம், அதில் கான்டினென்டலோ மிஷெலினோ நான்கு. இரண்டு செட் வைக்க இடமில்லை, வசதியில்லை என்றால் செமி ஸ்லிக்கை விற்றுவிட்டு இந்த டயரிலேயே டிராக்குக்கும் போங்கள், ஒரு சுற்றுக்குச் சில நொடி போகும், நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை டயரை ஆறவிட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எப்படி இருந்தாலும் இந்த வார இறுதிக்குள் அந்தப் பின் டயரின் உள் காடியை அளந்துவிடுங்கள். 3 மி.மீ.க்குக் கீழே வந்தால் புது டயர் வரும் வரை மழை நாளில் அந்தக் காரை எடுக்காதீர்கள். அளந்த மூன்று எண்களையும், கேம்பர் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள், அலைன்மென்ட்டில் எவ்வளவு திருப்பலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.